ஆறு மடங்குச் சித்திரம்

யந்திர எம்ப்ராய்டரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. கை செய்துவந்ததை யந்திரம் எடுத்துக்கொண்டது. ஆகவே அதில் கலை இல்லை. கைவினைப் பொருள்களில் ருசி உள்ள நண்பர்கள் இதைக் கொஞ்சம் துக்கத்துடனும், ஜவுளி வியாபாரத்தில் இருக்கிற உறவினர்கள் கொஞ்சம் பெருமையுடனும் சொல்கிறார்கள். கலை உண்டா இல்லையா என்பதைத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்பதால் இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். முதல் வாக்கியம் சரித்திரரீதியாகத் தவறு. ஊசி துணியை எந்த இடத்தில் குத்தவேண்டும் என்று தீர்மானிக்கிற கை, இந்த இருநூறு வருஷத்தில் ஒரு நாளும் வேலையை விட்டுப் போகவில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இடம் மாறும்போதெல்லாம் அந்த வேலைக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. வேலை செய்தவரின் பெயர் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

1828இல் அல்ஸாஸ் பிரதேசத்து முலூஸ் நகரில் ஜோஸுவே ஹைல்மன் என்பவர் முதல் யந்திரத்தைச் செய்தார். அவருடைய யோசனை விசித்திரமானது. அதுவரை துணி நிற்க, ஊசி நகர்ந்தது. அவர் ஊசிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, துணியை ஒரு சட்டத்தில் செங்குத்தாக, விறைப்பாகக் கட்டிச் சட்டத்தை நகர்த்தினார். ஊசிக்கு இரண்டு முனையும் கூர், காது நடுவில். துணிக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. இரண்டிலும் விரல்களைப்போல இடுக்கிகள். ஒரு வண்டி ஊசியைக் குத்தி நீட்ட, எதிர் வண்டி அதைக் கவ்வி நூலை முழுவதும் இழுத்துக்கொண்டு பின்னால் போகும்; பிறகு திரும்பி வந்து கொடுக்கும். கையால் பூவேலை செய்கிற பெண்ணின் இரண்டு கைகளையும், துணிக்கு மேலிருப்பதையும் கீழிருப்பதையும், நூற்றுக்கணக்கில் படியெடுத்து இரும்பில் வார்த்த மாதிரி. யந்திரங்களின் ஆரம்ப காலத்தில் இந்தப் பாவனை சகஜம்தான். கையைப் பார்த்துத்தான் யந்திரம் பிறக்கிறது. கையை மறக்க அதற்குக் கொஞ்ச காலம் வேண்டியிருக்கிறது.

சட்டத்தை நகர்த்துவது யார்? யந்திரத்தின் ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் முன்னால் ஒரு பலகை. பலகையில் டிசைன், அசல் அளவைப்போல் ஆறு மடங்கு பெரிதாக. இந்தச் சித்திரத்தைச் சாதாரணச் சித்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. இதில் இலைக்கு விளிம்பு மட்டும் போட்டிருக்காது. இலையை நிரப்பப்போகிற ஒவ்வொரு தையலும் தனித்தனிக் கோடாக வரையப்பட்டிருக்கும். அவன் இடது கையில் பேண்டோகிராஃபின் முள். பேண்டோகிராஃப் என்பது ஒரு படத்தின் மேல் முள்ளை நகர்த்தினால் அதே அசைவைச் சிறிதாக்கியோ பெரிதாக்கியோ வேறிடத்தில் செய்துகாட்டும் கோல்களின் கூட்டு. முள்ளைக் கோட்டின் நுனியில் வைத்தால், சட்டம் அதில் ஆறில் ஒரு பங்கு நகரும். வலது கை வண்டியை ஓட்டும். கால்கள் இடுக்கிகளைத் திறந்து மூடும். அடுத்த கோட்டின் நுனி, மறுபடி அடுத்தது. அவன் ஒரு தடவை அசைந்தால் அந்த வரிசையிலுள்ள எல்லா ஊசிகளும் ஒரே தையலைப் போடும். அவன் கை ஒரு இழை பிசகினால் அத்தனை பூக்களும் ஒரே மாதிரி பிசகும்.

இந்த ஆறு மடங்குச் சித்திரத்தை வரைந்தவனைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. கிழக்கு ஸ்விட்ஸர்லாந்தில் ஸாங்க்ட் காலன் நகரம் இந்தத் தொழிலுக்குத் தலைநகரமாக ஆனபோது, டிசைனை யோசிப்பவர் ஒருவர், அதைப் பெரிதாக்கித் தையல் தையலாகப் பிரிப்பவர் இன்னொருவர் என்று இரண்டு தொழில்கள் பிரிந்தன. முதலாமவருக்குச் சித்திரப் பள்ளி, பாரிஸ் பிரயாணம், மாதிரிப் புத்தகங்கள். இரண்டாமவருக்குப் பென்சில். ஆனால் பூவின் இதழில் நூல் எந்தத் திசையில் படுத்தால் வெளிச்சம் அதில் எப்படி விழும், நுனியில் தையல்களை நெருக்கினால் துணி சுருங்குமா, ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு நூலை அறுக்காமல் எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் இரண்டாமவருடைய தீர்மானங்கள். முதலாமவர் ரோஜா என்று சொன்னார். அந்த ரோஜாவை நூலின் பாஷையில் எழுதியவர் இவர். மொழிபெயர்ப்பாளர்களுக்கு நம் பத்திரிகைகள் தருகிற இடத்தை நினைத்தால் இவருக்கு நேர்ந்தது ஆச்சரியமாகப் படாது.

ஸாங்க்ட் காலனின் கதையை நீளமாகச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் ஒன்றிரண்டு விஷயங்கள் அவசியம். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் யந்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து விவசாயிகளின் வீடுகளுக்குப் போயின. கடனுக்கு வாங்கிய யந்திரத்தைத் தரைத்தளத்து அறையில் நிறுத்தினார்கள். கையால் செய்தவரை பெண்களின் வேலையாக இருந்தது, பேண்டோகிராஃப் வந்ததும் ஆணின் வேலையாக மாறியது. ஊசிகளில் நூல் கோப்பது மனைவிக்கும் குழந்தைகளுக்கும். பள்ளிவிட்டு வந்த குழந்தை விளக்கடியில் உட்கார்ந்து ஊசி கோக்கும். கூலி, நாளுக்கோ கெஜத்துக்கோ கணக்கிடப்படவில்லை. நூறு தையலுக்கு இவ்வளவு என்று. வியாபாரி பூதக்கண்ணாடியுடன் வந்து குறை கண்டுபிடித்தால் கூலியில் பிடித்தம். முதல் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் கடிகாரத்தை விடவும் பாலாடைக்கட்டியை விடவும் எம்ப்ராய்டரிதான் அந்தத் தேசத்தின் பெரிய ஏற்றுமதி. யுத்தமும் அதற்குப் பின் வந்த ஃபாஷனும் அதைச் சாய்த்தன. 1920களில் யந்திரங்களைக் காசு கொடுத்து உடைக்கச் சொல்லும் நிலை வந்தது.

அதற்குள் யந்திரமே இரண்டு தடவை மாறிவிட்டிருந்தது. 1863இல் ஈஸாக் க்ரோப்ளி என்பவர், தையல் யந்திரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முனை ஊசியைத் தூக்கி எறிந்தார். முன்னால் அறுபடாத நூல், பின்னால் படகு வடிவத்தில் ஒரு சிறு நாடா. அந்தப் படகை வைத்து யந்திரத்துக்கு ஷிஃப்லி என்று பெயர் வந்தது. அந்த ஊர் ஜெர்மனில் சிறு படகு என்று அர்த்தம். (நம் நெசவாளிகளும் நாடாவை ஓடம் என்பார்கள். எங்கோ இரண்டு தறிகளுக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே படிமத்தைக் கண்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் செல்வாக்கு ஆராய்ச்சி தேவையில்லை.) இதில் கையின் பாவனை போய்விட்டது. ஆனால் ஓரத்தில் பலகையும், பலகையில் ஆறு மடங்குச் சித்திரமும், முள்ளைப் பிடித்த ஆளும் அப்படியே இருந்தார்கள்.

1898இல் க்ரோப்ளியின் மகன் ஜோஸஃப் அர்னால்ட் அந்த ஆளையும் எழுப்பிவிட்டார். ஜக்கார்ட் தறியில் இருந்ததைப்போலத் துளையிட்ட அட்டை யந்திரத்தின் சட்டத்தை நகர்த்தத் தொடங்கியது. ஜக்கார்டிலிருந்து கணிப்பொறிக்கு நேர்க்கோடு போட்டுக் காட்டும் கட்டுரைகள் இப்போது மலிந்துவிட்டதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. என் கேள்வி வேறு. அட்டையில் துளை போட்டது யார்?

எழுப்பிவிடப்பட்ட அதே ஆள்தான், அல்லது அவனுடைய இனத்தவன். அவனை வேறொரு அறைக்கு அழைத்துப்போய், வேறொரு பலகைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பலகையில் அதே ஆறு மடங்குச் சித்திரம். கையில் அதே பேண்டோகிராஃப் முள். அவன் ஒவ்வொரு கோட்டின் நுனிக்கும் முள்ளை நகர்த்துகிறான். ஒவ்வொரு நகர்வுக்கும் அட்டையில் துளை விழுகிறது. அவன் எதிரில் துணியில்லை, நூலில்லை. துணி எப்படி இழுபடும், நூல் எப்படிப் படியும் என்பதை ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, துணியில்லாமலே தைக்கிறான். அவனுக்குத் துளை போடுகிறவன் என்றே பெயர். வேலைக்குப் பஞ்சிங். நல்ல பஞ்சிங் ஆளுக்குத் தொழிலில் மதிப்பும் நல்ல சம்பளமும் இருந்தன. லேஸ் வாங்கின பாரிஸ் சீமாட்டிக்கோ, அதே துணியைப் பற்றிப் பின்னால் புத்தகம் எழுதிய சரித்திர ஆசிரியருக்கோ அவன் இருந்ததே தெரியாது.

அமெரிக்காவில் ராண்டல் மெல்டன், பில் சைல்ட்ஸ் என்ற இருவர் 1970களில் மெல்கோ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, ஷிஃப்லிக்கு மாதிரி தைத்துப் பார்க்க ஒரு சிறு யந்திரமும், டிசைனை எண்களாக மாற்ற ஒரு சாதனமும் செய்தார்கள். அந்தச் சாதனம் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. அதன் மேல் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் நகர்கிற ஒரு சிறு கணக்குப்பெட்டி. டிசைனைப் பலகையில் எந்த அளவில் ஒட்டினார்கள் தெரியுமா? ஆறு மடங்கு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முலூஸில் மரச்சட்டத்துக்கும் இரும்புக் கோல்களுக்கும் பொருத்தமாகத் தேர்ந்த ஒரு விகிதம், நூற்றைம்பது வருஷம் கழித்து எலெக்ட்ரானிக் சாதனத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சாதனத்தை வாங்கப்போகிறவர்கள் ஆறு மடங்கில் யோசிக்கப் பழகின கைகள் என்பதுதான் அதற்கு ஒரே நியாயம். புதுக் கருவி தன் எஜமானின் பழக்கத்துக்கு வணங்கியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸிட்னியில் வில்காம் என்ற கம்பெனி பலகையைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுபோனது. அப்போதுதான் ஆறு மடங்கு மெல்ல மறைந்தது. திரையில் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாமே.

எண்களாக மாறின தையல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் தாஜிமா யந்திரங்களுக்காக ஏற்பட்டு இன்று எல்லா யந்திரங்களும் படிக்கிற டிஎஸ்டி என்ற கோப்பில், ஒரு தையலுக்கு மூன்று பைட்டு. ஊசி இப்போது இருக்கும் இடத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு, மேலே கீழே எவ்வளவு என்பது மட்டும். அளவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களைக் கூட்டியும் கழித்தும் எல்லா நகர்வுகளும் எழுதப்படுகின்றன. ஐந்தையும் கூட்டினால் 121, ஆகவே ஒரே எட்டில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பக்கமாக நகர முடியாது. பழைய காகித நாடாத் துளைகளின் ஞாபகம் இந்தக் கணக்கில் இன்னும் இருக்கிறது. இதில் இலை என்று ஒன்று கிடையாது. நிறமும் கிடையாது. நிறம் மாறவேண்டிய இடத்தில் ‘நில்’ என்று ஒரு குறி இருக்கும்; சிவப்பு நூலைப் போடுவதா நீலத்தைப் போடுவதா என்பது யந்திரத்தின் முன் நிற்பவரின் பாடு. ஒரு கவிதையிலிருந்து சொற்களை எடுத்துவிட்டு மாத்திரைக் கணக்கை மட்டும் கொடுத்த மாதிரி.

பஞ்சிங் என்ற சொல் சாகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக் கூடங்களில், அட்டையையோ துளையையோ ஆயுளில் பார்த்திராத இளைஞர்கள் தங்கள் வேலையைப் பஞ்சிங் என்றுதான் சொல்கிறார்கள். கூலிக் கணக்கு அங்கே ஆயிரம் தையலுக்கு இவ்வளவு. ஸாங்க்ட் காலனில் நூறு. அப்படி ஒரு அறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கீழே பன்னிரண்டு தலை யந்திரம் ஓடுகிற அதிர்வு நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தைச் சட்டைக்கான வாத்துப் படம் திரையில். படத்தைக் கொடுத்தால் கணிப்பொறி தானே தையலாக மாற்றிவிடாதா என்று கேட்டேன். “மாத்துங்க சார். அது மாத்துனத ஒருக்கா தெச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, தானாக மாற்றின வாத்தைப் பழைய பனியன் துணியில் தைத்துக் காட்டினார். வாத்து சுருங்கி, கண்ணும் மூக்கும் ஒன்றையொன்று விட்டு விலகி, இடையில் துணி பல்லிளித்தது. “மெஷினுக்குப் படம் தெரியாதுங்க. எங்க குத்தறதுன்னு மட்டுந்தான் தெரியும். அத நாமதான் சொல்லோணும்.”

அவர் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று மறக்காது. துணியில் வட்டம் வேண்டுமென்றால் திரையில் வட்டம் வரையக் கூடாது. தையல்கள் தாம் ஓடும் திசையில் துணியை உள்ளே இழுக்கும். அதற்குக் குறுக்குத் திசையில் வெளியே தள்ளும். ஆகவே தையல் ஓடும் திசையில் கொஞ்சம் நீண்ட, நசுங்கின வட்டத்தை வரையவேண்டும். துணி அதை இழுத்து வட்டமாக்கிக்கொள்ளும். எவ்வளவு நசுக்குவது என்பது பனியன் துணிக்கு ஒன்று, டெனிமுக்கு ஒன்று, டர்க்கி டவலுக்கு ஒன்று. மேல் தையலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத அடித்தையல் ஒன்று போட்டுத் துணியைப் பிடித்து நிறுத்தவேண்டும். சாட்டின் தையலில் இழைக்கும் இழைக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி. அதை நெருக்கினால் நூல் அறுபடும், விட்டால் துணி தெரியும். பொருளின் எதிர்ப்பை முன்கூட்டி அறிந்து தவறாக வரைந்து சரியாகப் பெறுவது என்கிற இந்த அறிவை வேறு எந்தக் கலைஞனிடம் கண்டாலும் நாம் கைத்திறம் என்று தயங்காமல் சொல்வோம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். கைவினை எப்போதுமே பெயரற்றதுதானே? கோயில் சிற்பி பெயர் போட்டானா? ஆனந்த குமாரசாமியைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். மரபுக் கலைஞன் தன்னை முன்வைப்பதில்லை, பெயரின்மை அவன் விடுதலை என்று அவர் எழுதியதில் நமக்கெல்லாம் ஒரு மயக்கம் இருந்தது, எனக்கும் உண்டு. ஆனால் பெயரின்மை இரண்டு வகை என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் சொந்தமாக இருப்பதால் யார் பெயரும் ஒட்டாதது ஒரு வகை. யாரோ ஒருவருக்குச் சொந்தமாக்க வேண்டியிருப்பதால் செய்தவர் பெயரை உரித்து எடுத்தது இன்னொன்று. பஞ்சிங் ஆளினுடையது இரண்டாவது. முதல் வகைக்கு உதாரணம் வேண்டுமானால் அமெரிக்கப் பெண்களின் குயில்ட்டைப் பார்க்கவேண்டும். இந்த இரண்டும் கடைசியில் ஒரே யந்திரத்தில் வந்து மோதுவதால்தான் அங்கே போகிறேன்.

குயில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகம், நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஓட்டுத் தையலால் பிணைப்பது. மேல்முகத்தை ஒரே மூச்சில் செய்வதில்லை. சதுரச் சதுரமாக, மடியில் வைத்துத் தைக்கக்கூடிய அளவில் கட்டம் கட்டமாகச் செய்து பிறகு சேர்ப்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நிலைபெற்ற வழக்கம். கட்டம்தான் இதன் அலகு. கட்டத்துக்குப் பெயர் உண்டு: மரக்குடில், ஒஹையோ நட்சத்திரம், குடிகாரன் பாதை. ஒரே கட்டத்துக்கு ஊருக்கு ஒரு பெயரும் உண்டு. ரூத் ஃபின்லி 1929இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கட்டத்தைச் சொல்கிறார். மேற்குப் பகுதியில் அதற்குக் கரடிப் பாதம் என்று பெயர். லாங் ஐலண்டில் சேற்றில் வாத்துக்கால். ஃபிலடெல்ஃபியாவின் க்வேக்கர்களிடையே நட்பின் கை. வடிவம் ஒன்று. கரடியைப் பார்த்தவர்கள் கரடியைக் கண்டார்கள். சேற்றில் நடந்தவர்கள் வாத்தைக் கண்டார்கள்.

இந்தக் கட்டங்கள் கைக்குக் கை போயின. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவள் மாதிரிக் கட்டங்களை மூட்டையில் கொண்டுபோவாள். 1889இல் ஸெயின்ட் லூயிஸில் ஆரம்பித்த லேடீஸ் ஆர்ட் கம்பெனி, கட்டங்களுக்கு எண் போட்டுத் தபாலில் விற்றது. கான்ஸஸ் சிட்டி ஸ்டார் என்ற பத்திரிகை 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களை வெளியிட்டது. பலவும் வாசகிகள் அனுப்பியவை, பத்திரிகையிலிருந்து கத்தரித்து அட்டைப்பெட்டியில் சேர்த்தவை. அச்சு வந்ததால் பகிர்வு குறையவில்லை, பெருகியது. பார்பரா ப்ராக்மன் 1993இல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களைத் தொகுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தபோது, பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்க வேறு வழியில்லை.

இவர்களுக்கு யந்திரத்தோடு சண்டையும் இல்லை. தையல் யந்திரம் வீட்டுக்கு வந்த 1850களுக்குப் பிறகு, மறைத்திருக்கக்கூடிய தையலை எடுப்பான நூலில் யந்திரத்தாலே போட்டுக் காட்டிய குயில்ட்டுகள் உண்டு. அந்தச் சாமானை வாங்கிவிட்டேன் என்ற சந்தோஷம். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைத்த விவிலியக் குயில்ட்டில் கைத்தையலும் யந்திரத் தையலும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் பின்னால் வறுமை காரணமாக ஐந்து டாலருக்கு விற்றார். வாங்கிய பெண்மணியிடம் ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் சொல்லிக் கொடுத்தார். அவர் அதை எழுதிவைத்தார். இன்று ஸ்மித்ஸோனியனில் அந்தப் போர்வை பெயரோடு இருப்பதற்கு அந்தக் குறிப்பு ஒரு காரணம்.

பெயரின்மையை மியூசியம் உண்டாக்கியது என்றும் சொல்லவேண்டும். 1971இல் ந்யூயார்க்கின் விட்னி மியூசியத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தங்கள் சேகரிப்பை அருவ ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கவிட்டார்கள். நவீன ஓவியத்தில் பழகின கண்களுக்கு அது பெரிய அதிர்ச்சி, நல்ல அதிர்ச்சிதான். படுக்கையிலிருந்து சுவருக்கு ஏறியபோது வடிவம் பளிச்சென்று தெரிந்தது. செய்தவள் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து பாட்ரீஷியா மைனார்டி எழுதிய கட்டுரையின் கோபம் நியாயமானது: குயில்ட் செய்த பெண்கள் பலர் தங்கள் பெயரையும் தேதியையும் தைத்தே வைத்திருந்தார்கள், பெயரற்றவர்கள் என்பது பார்த்தவர்களின் கற்பனை. நவீனத்துவ விமர்சனம் என்று நாம் பழகியிருப்பதிலும் இந்தக் கற்பனைக்கு ஒரு நிரந்தர அறை உண்டு. வடிவத்தை மட்டும் பார்ப்பேன் என்பது ஒரு ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தின் மறைவில் யார் செய்தது என்று கேட்கும் சிரமத்தைத் தவிர்ப்பது வேறு.

இனி அந்த மோதல். 1990இல் ஜனோமே கம்பெனி வீட்டில் வைத்து ஓட்டக்கூடிய எம்ப்ராய்டரி யந்திரம் ஒன்றை விற்கத் தொடங்கியது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். ஸாங்க்ட் காலனின் தரைத்தளத்து அறையை அடைத்துக்கொண்டிருந்தது, சமையலறை மேஜைக்கு வந்துவிட்டது. அதில் குயில்ட் கட்டத்தையே முழுதாகச் செய்கிறார்கள். வளையத்தில் அடித்துணியையும் பஞ்சையும் பிடித்துவைத்தால், ஊசி முதலில் துண்டுத் துணி எங்கே வரவேண்டும் என்று ஒரு கோடு தைத்துக் காட்டும். அந்த இடத்தில் துணியை வைத்தால் அதைப் பிடித்துத் தைக்கும். நின்றுவிடும். நாம் கத்தரியால் ஓரத்தை நறுக்கவேண்டும். அடுத்த துண்டு. எல்லாம் முடிந்ததும் ஓட்டுத் தையல், கடைசியில் கட்டத்தை வெட்டி எடுக்கவேண்டிய எல்லைக்கோடு. நாலுக்கு நாலு அங்குல வளையம் வைத்திருப்பவர் சின்னக் கட்டமாகவும், பெரிய வளையம் வைத்திருப்பவர் பெரிய கட்டமாகவும். பாதி வேலையை ஊசி செய்கிறது, பாதியைக் கத்தரி பிடித்த கை. யார் யாருக்கு உதவியாள் என்று தீர்த்துச் சொல்ல முடியாத ஏற்பாடு. இதை இழிவாகப் பேசுகிறவர்கள் ஒருதடவை செய்து பார்க்கலாம். மூலை மூலையோடு சேருவது இன்றைக்கும் சுலபமில்லை.

கரடிப் பாதம் இப்போது கோப்பாகக் கிடைக்கிறது. யாரோ ஒருவர் அதைப் பஞ்சிங் செய்திருக்கிறார். அந்த உழைப்புக்குக் காசு கொடுப்பது சரி. ஆனால் கோப்போடு ஒரு நிபந்தனையும் வருகிறது. பொதுவாக அது சொல்வது: தைத்த துணியை யாருக்கும் கொடு, சில சமயம் விற்கவும் செய், கோப்பை மட்டும் அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுக்காதே. நூறு வருஷம் மூட்டையிலும் உறையிலும் பத்திரிகைத் துண்டிலும் போய்க்கொண்டிருந்த கட்டம், இங்கே முதல் தடவையாக நின்றுவிட்டது. 2006இல் அமெரிக்காவில் டிசைன் உரிமையாளர்களின் கூட்டமைப்பு ஒன்று, திருட்டுக் கோப்புகளை ஏலத்தில் வாங்கியதாகச் சொல்லி இல்லத்தரசிகளுக்குப் பணம் கேட்டு மிரட்டல் கடிதங்கள் அனுப்பியது. அதைக் கண்டித்து இணையக் குழுவில் புனைபெயரில் எழுதியவர்களின் அடையாளத்தைக் கேட்டு நீதிமன்ற ஆணையும் பெற முயன்றது. பேச்சுரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் குறுக்கே வரவேண்டியிருந்தது. பகிர்ந்ததால் பெயரில்லாமல் இருந்தவர்களின் பெயரை, தண்டனைக்காகத் தேடினார்கள்.

இந்த உரிமையால் லாபமடைவது பஞ்சிங் செய்தவர் என்றால் எனக்கு இத்தனை சொல்ல இருக்காது. சொந்தமாக டிசைன் செய்து சொந்தப் பெயரில் விற்கிற பெண்கள் இன்று உண்டு. கோப்பு இரவல் போகும்போது அவர்களுக்கு விழுகிற அடி உண்மையானது. ஆனால் பெரும்பாலும் பஞ்சிங் கூலிக்குச் செய்யப்படுகிறது. ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டவுடன் அவருக்கும் வாத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. கட்டத்தைக் கண்டுபிடித்த ஒஹையோக் கிழவிக்கும் ஒன்றுமில்லை, அதை நூலின் பாஷையில் எழுதிய திருப்பூர் இளைஞனுக்கும் ஒன்றுமில்லை. நடுவில் இருப்பவருக்கு எல்லாம்.

திருப்பூரில் அந்த வாத்துக் கோப்பை எனக்காகத் திறந்து காட்டச் சொன்னேன். திரையில் படமாக அல்ல, உள்ளே இருக்கும் எழுத்தாக. டிஎஸ்டி கோப்பின் ஆரம்பத்தில் 512 பைட்டு தலைப்புப் பகுதி உண்டு. அதில் டிசைனின் பெயருக்குப் பதினாறு எழுத்து இடம். பிறகு தையல் எண்ணிக்கை. பிறகு எத்தனை தடவை நிறம் மாறுகிறது. பிறகு வலம், இடம், மேல், கீழ் எவ்வளவு தூரம் போகிறது, தொடங்கின இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு தள்ளி. இவ்வளவுக்கும் சேர்த்து 512இல் கால் பங்குதான் செலவாகிறது. மீதி முழுவதும் வெற்றிடக் குறியால் நிரப்பப்படுகிறது. வரிசை வரிசையாக ஒன்றுமில்லாதது. பின்னாளில் எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அந்த வெற்றிடத்தில் செய்தவரின் பெயருக்கென்று ஒரு சிறு கட்டத்தைச் சேர்த்திருக்கின்றன. அதை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் யந்திரத்துக்கு ஒன்றுதான், அது அதைப் படிப்பதில்லை. வாத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. டிசைனின் பெயர் இருந்த இடத்தில் வாத்து என்றும் இல்லை. ஆர்டர் எண் இருந்தது.